பதினேழாம் படி

முளையை எண்பத்து நான்கு மில்லிமீட்டரில் கடைந்துவிட்டார்கள்.
எண்பத்தாறு இருந்திருக்க வேண்டும்.
இரண்டு மில்லிமீட்டர்,
மூன்று வாரத்தில் விரல்நகம் வளரும் அளவு.
அதற்காக ஒரு பயணிக் கப்பல்
முகக்கதவைத் திறந்தபடி
பதினோரு நாள் உலர்துறையில் நின்றது,
வாயை மூடலாம் என்று சொல்ல
பல் மருத்துவர் மறந்துபோன ஆளைப் போல.

க்ளைபேடாவில் நவம்பர். மழை பக்கவாட்டில் பெய்யும்.
கூட்டத்தில் எல்லோரும் காகிதத்தைத் தேடினார்கள்.
தேடுவது ஆளை என்று எல்லோருக்கும் தெரியும்.
நான் யுர்கிதா. ஆவணப் பிரிவு.
பிரிவில் நான் ஒருத்திதான்.

பொதுக் கோப்புறையைத் திரையில் திறக்கச் சொன்னார்கள்:
கீல்_இறுதி
கீல்_இறுதி_2
கீல்_உண்மையான_இறுதி
கீல்_இதைத்_தொடாதே_வீதேனிஸ்
யாரோ சிரித்தார்கள். வீதேனிஸ் சிரிக்கவில்லை.
தனக்கு இத்தனை பிள்ளைகள் பிறக்கும் என்று
இறுதிக்கே தெரிந்திருக்காது.

அன்றிரவு விதி எழுதினேன், ஒரு பக்கத்துக்கு மிகாமல்.
ஒரு வரைபடத்துக்கு ஓர் எண், ஒரே வீடு.
திருத்தினால் எழுத்து மாறும்;
யார், என்றைக்கு, ஏன் என்பது கூடவே வரும்.
'இறுதி' என்ற சொல் கோப்பின் பெயரில் கூடாது.
கடைசி வரியை மேலாளர் அடித்தார்.
நான் மறுபடி சேர்த்தேன்.
அதுவே விதியின் முதல் திருத்தம்.

எழுதுவது எளிது.
போன காகிதத்தைத் திருப்பி அழைப்பது
சிந்திய கடுகைப் பொறுக்கும் வேலை.
திருத்தம் சி: பதிவேட்டின்படி வெளியே பதினேழு படிகள்.

ரப்பர் காலணி போட்டுக்கொண்டு இறங்கினேன்.
கருவிப்பெட்டிகளின் அடியில் ஆறு.
பற்றவைப்புக் கொட்டகையில் ஜன்னல் இடுக்கை அடைத்துக்கொண்டு ஒன்று.
உருவினேன்; கடற்காற்று நேராக என் கழுத்துக்கு வந்தது.
போன வருட நாட்காட்டியைத் திணித்துவிட்டு நகர்ந்தேன்.
புகையூட்டிய மீன் பொதிந்த ஒன்றில்
எண்ணெய் ஊறி மறுபக்கம் தெரிந்தது.
முத்திரையின் மை அதில் ஒட்டவே இல்லை.

கடைசல்காரர் அந்தானாஸ் தன் படியைத் தர மறுத்தார்.
மடித்த முனையில் பென்சில் எழுத்து:
'84 பத்தாது. கேட்க வேண்டும்.' செப்டம்பர் தேதி.
யாரிடம் கேட்டீர்கள் என்றேன்.
'காகிதத்திடம்தான்' என்றார்.
இரவு முறையில் வேறொருவர்
வேறொரு படியை வைத்துக் கடைந்திருக்கிறார்.
அங்கேயே, எந்திரத்தின் மேல் தாளை வைத்து
விதியில் ஒரு வரி கூட்டினேன்:
ஓரத்தில் எழுதியது ஒரே நாளில் என் மேசைக்கு வர வேண்டும்.
எழுதும்போது என் காது சுட்டது.
மூன்று வருடமாக நான் காகிதங்களை எண்ணியிருக்கிறேன்,
ஓரங்களைப் படித்ததில்லை.

பதினாறு கிடைத்தன.

பதினேழாவது நாற்பது மீட்டர் உயரத்தில்,
பாரந்தூக்கியின் கூண்டில்.
ஏணியின் ஒவ்வொரு படியும் ஈரம்.
ஸினாயிதா கதவைத் திறந்து, இருக்கைக்குப் பின்னால் காட்டினாள்.
வரைபடம் தகரத்தைப் பார்த்து ஒட்டியிருந்தது.
எங்களைப் பார்த்தது அதன் முதுகு:
மெழுகு வண்ணத்தில் ஒட்டகச்சிவிங்கி முகமுள்ள பாரந்தூக்கி,
உள்ளே ஒருத்தி, பாரந்தூக்கியைவிடப் பெரிய கையை ஆட்டுகிறாள்.
'பையன் போட்டது. அன்றைக்கு வேறு தாள் இல்லை.'
கீழே ஒரு சங்கிலி காத்திருந்தது.
அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

ஒட்டுநாடாவை மெதுவாகப் பிரித்தேன்.
முன்பக்கத்தில், கீலின் குறுக்கே,
சிவப்பில் 'காலாவதி' என்று குத்தினேன்.
பின்னால் ஊறிவிடக் கூடாதே என்று ஊதினேன்.
அதே நாடாவால், அதே இடத்தில், ஒட்டினேன்.

பதிவேட்டில் 'அழித்த முறை' என்று ஒரு கட்டம் உண்டு.
பதினாறு முறை 'துண்டாக்கப்பட்டது'.
பதினேழுக்கு எழுதினேன்:
முன்பக்கம் காலாவதி. பின்பக்கம் செல்லும்.

பிப்ரவரியில் தணிக்கையாளர் வந்தார்.
பக்கங்களைப் புரட்டிய விரல் அந்த வரியில் நின்றது.
'இது எங்கே இருக்கிறது?'
ஜன்னல் வழியே மேலே காட்டினேன்.
அவர் ஏணியைப் பார்த்தார்.
தன் தோல் காலணியைப் பார்த்தார்.
அடுத்த பக்கத்துக்குப் போனார்.